பாரடேயின் ஐந்து ஆண்டுகள்

மைக்கேல் பாரடேயைப் பற்றி நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். ஏழைக் கொல்லரின் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பார்த்த சிறுவன், தாமே படித்து முன்னுக்கு வந்து மின்சார யுகத்துக்கு வழி திறந்த மேதை என்ற அளவில் பாடம் முடிந்துவிடும். பௌதிகம் பயில்கின்ற நண்பர்கள் அதற்குமேல் 1831-ஆம் ஆண்டின் மின்தூண்டலையும், 1845-ஆம் ஆண்டில் காந்தத்துக்கும் ஒளிக்கும் அவர் கண்டறிந்த தொடர்பையும் அறிவார்கள். இவ்விரு கண்டுபிடிப்புகளுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை நான் படித்த பாடப் புத்தகம் எதுவும் சொல்லவில்லை. நடுவே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அவருடைய மூளை அவரோடு ஒத்துழைக்க மறுத்துவிட்டது. தலை சுற்றியது, நினைவு தப்பியது, எடுத்த வேலை ஓடவில்லை. அந்த ஐந்து ஆண்டுகளை அவர் கடந்து வந்த விதத்தைத்தான் நம் சங்க மலரில் எழுத விரும்பினேன்.

எழுதக் காரணமும் உண்டு. ஊர், மொழி, உணவு, தட்பவெப்பம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தவர்கள் நாம். பெரும்பாலோர் ஒரு பருவத்துக்குள் பழகிக்கொள்கிறோம். சிலருக்கு அது கைகூடுவதில்லை. உறக்கம் போய்விடுகிறது, படித்தது மனத்தில் நிற்பதில்லை, பாதியிலேயே ரயில் ஏறிவிடுகிறார்கள். அவர்களை வழியனுப்பிவிட்டு வந்து மெஸ்ஸில் உட்கார்ந்து நாம் பேசுகின்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. மனத்திடம் போதாது என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். மனத்திடம் என்பது பிறக்கும்போதே படியால் அளந்து கொடுக்கப்படும் பண்டம் என்று எண்ணுவதால் வருகின்ற தீர்ப்பு இது. பாரடேயின் வாழ்க்கையை அறிந்தவர்கள் இவ்வளவு விரைவில் தீர்ப்புக் கூற மாட்டார்கள்.

அவர் பிறந்தது 1791 செப்டம்பர் 22 அன்று, லண்டனுக்குத் தெற்கே நியூவிங்டன் என்ற இடத்தில். தந்தை ஜேம்ஸ் பாரடே வட இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி லண்டனுக்குக் குடிபெயர்ந்த கொல்லர். நோயாளியான அவரால் ஒரு நாள் உலைக்களத்தில் நின்றால் மறுநாள் நிற்க முடியாது. 1801-இல் உணவுப் பொருள்களின் விலை ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று அளந்து கொடுத்தார்களாம். பள்ளிக்கூடத்தில் எழுத்தும் கணக்கும் ஓரளவு தெரிந்துகொண்டதோடு சரி. 13 வயதில் ரீபோ என்ற புத்தகக் கடைக்காரரிடம் செய்தித்தாள் சுமக்கும் பையனாகச் சேர்ந்தார். மறு ஆண்டில் அதே கடையில் ஏழாண்டு ஒப்பந்தத்தில் பைண்டு வேலை பழக அமர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தார் என்பது எல்லோரும் அறிந்த கதை. குறிப்பு எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு அந்த வயதிலேயே வந்துவிட்டது என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. ஐசக் வாட்ஸ் என்பவர் அறிவை வளர்த்துக்கொள்வது பற்றி எழுதிய பழைய நூல் ஒன்று அவருக்குக் கிடைத்தது. படித்ததையும் கேட்டதையும் உடனுக்குடன் எழுதி வைக்கவேண்டும் என்பது அதன் போதனைகளில் ஒன்று. பையன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். இந்தப் பழக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்; பிற்பாடு அது அவரைத் தாங்கப் போகிறது.

1812-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்க அவருக்கு அனுமதிச் சீட்டுக் கிடைத்தது. கேட்டதையெல்லாம் எழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சு மாதம் வாரம் 25 ஷில்லிங் சம்பளத்தில் அங்கே உதவியாளர் ஆனார். மாடியில் இரண்டு அறை, கரி, மெழுகுவர்த்தி எல்லாம் சம்பளத்தோடு சேர்ந்தவை.

அவ்வாண்டு அக்டோபரில் டேவி தம் மனைவியோடு ஐரோப்பாவைச் சுற்றிவரப் புறப்பட்டார். உதவியாளராக உடன் சென்ற பாரடேக்கு அப்போது வயது 22. அதற்குமுன் லண்டனிலிருந்து 12 மைலுக்கு அப்பால் சென்றறியாதவர் அவர். கடைசி நேரத்தில் டேவியின் ஏவலாள் வர மறுத்துவிட்டதால், வேறு ஆள் கிடைக்கும்வரை அந்த வேலையையும் பார்க்குமாறு பாரடேயிடம் சொன்னார்கள். அந்த வேறு ஆள் கிடைக்கவே இல்லை. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார், உணவும் வேலைக்காரர்களோடுதான். பிரான்சு அப்போது இங்கிலாந்தோடு போரில் இருந்த நாடு. மொழியும் தெரியாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பிவிடலாமா என்று எண்ணியதை அவர் தம் நண்பர் ஆபட்டுக்கு எழுதிய கடிதங்களில் மறைக்கவில்லை. ஆயினும் திரும்பவில்லை. பிரெஞ்சும் இத்தாலியனும் கற்றார், ஆம்பியரையும் வோல்டாவையும் கண்டார், நாட்குறிப்பு எழுதினார். மனம் நொந்தபோதெல்லாம் ஆபட்டுக்குக் கடிதம் எழுதினார். 1815-இல் லண்டன் வந்து சேர்ந்தபோது அவர் பழைய பைண்டு கடைப் பையனாக இல்லை. அயலூர் வாசத்தில் அவமானத்தை விழுங்கிக்கொண்டு சும்மா இருப்பது ஒன்று. அதை ஒரு நண்பனிடம் கொட்டிவிட்டு மறுநாள் வேலையைப் பார்ப்பது வேறொன்று. பாரடே இரண்டாவது வகையைச் சேர்ந்தவர் என்பது என் எண்ணம்.

பின்வந்த ஆண்டுகளை விரைந்து கடக்கிறேன். 1821-இல் சாரா பர்னார்டு என்ற பெண்மணியை மணந்தார். இருவரும் சாண்டமேனியர் என்ற சிறிய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். அதே ஆண்டில் மின்சாரம் ஓடும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்தார். அந்தக் கருத்து மற்றொரு விஞ்ஞானியான வொல்லாஸ்டனிடமிருந்து எடுத்தது என்று அபவாதம் எழுந்தது. 1824-இல் அவரை ராயல் சொசைட்டியில் சேர்க்கும் வேளையில் எதிர்த்து நின்றவர், அவரை வளர்த்துவிட்ட டேவியே. 1825-இல் பென்சீனைப் பிரித்தெடுத்தார். அதே காலத்தில் ராயல் சொசைட்டியின் குழுவொன்றுக்காகத் தொலைநோக்கிக் கண்ணாடி செய்யும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஐந்தாண்டுக் காலம் உலையருகே நின்று கனத்த காரீயக் கண்ணாடி வார்த்தும், நினைத்த பயன் கிட்டவில்லை. நல்ல வயதில் ஐந்தாண்டு வீண்போயிற்று என்றே பார்ப்பவர்களுக்குத் தோன்றியிருக்கும். அதை விட்டு விடுபட்டதும், 1831 ஆகஸ்டு 29 அன்று மின்தூண்டலைக் கண்டார். பிறகு ஏழெட்டு ஆண்டுகள் அவர் வேலை செய்த வேகம் நம்மை மலைக்க வைக்கிறது. மின்பகுப்பு விதிகள், மின்கடத்தாப் பொருள்களின் குணங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுரைகள் வந்தன. இடையே வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவுகள். 1836 முதல் கலங்கரை விளக்கங்களின் ஆலோசகர் பதவி. விருந்துகளுக்குப் போவதை அநேகமாக நிறுத்திவிட்டார். வாரத்தில் சில நாள்கள் யாரையும் பார்ப்பதில்லை என்று கதவையும் அடைத்தார். அப்படியும் நேரம் போதவில்லை.

1839-இன் இறுதியில் உடைப்பு வந்தது. அவருக்கு அப்போது 48 வயது. தலைவலியும் மறதியும் அதற்கு முன்பே அவ்வப்போது வந்துகொண்டிருந்தன. இப்போது தலைசுற்றல் கடுமையாயிற்று. எதைச் செய்தோம், எதைச் செய்யவில்லை என்பது கைநழுவியது. டாக்டர் லாதம் அவரைப் பரிசோதித்து, மூளைக்கு முழு ஓய்வு தரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். காரணத்தைப் பற்றி இன்றும் பலர் பலவாறு எழுதுகிறார்கள். திறந்த கலங்களில் பாதரசம் வைத்து வேலை செய்த காலம் அது. பாதரச நஞ்சாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. அது மெய்ப்பிக்கப்படவில்லை. ஓய்வின்றி உழைத்ததன் விளைவு என்பது மற்றொரு கருத்து. நோயின் பெயர் எதுவாயினும், நோயாளி நடந்துகொண்ட விதம் நம் கண்முன் இருக்கிறது.

முதலாவதாக, அவர் தமக்கு ஒன்றுமில்லை என்று நடிக்கவில்லை. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் தம் மறதியை ஒளிக்காமல் எழுதினார். சோதனைச்சாலையில் ஒரு கருவி பழுதுபட்டால் எங்கே பழுது, எவ்வளவு பழுது என்று குறித்து வைப்பதைப் போலவே தம் மூளையின் பழுதையும் கவனித்தார். விஞ்ஞானிகள் எல்லோருக்கும் இது வாய்ப்பதில்லை. வெளியுலகைத் தராசில் நிறுத்துப் பார்ப்பவர்கள் தம் சொந்த மனத்தைப் பொறுத்தவரை பொய்க் கணக்கு எழுதுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

அடுத்து, பொறுப்புகளைக் கீழே இறக்கி வைத்தார். இங்கே ராயல் இன்ஸ்டிடியூஷனின் நிர்வாகிகளைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. உடல்நலம் திரும்பும்வரை சொற்பொழிவு ஆற்றவேண்டியதில்லை என்று அவர்களே முடிவு செய்தார்கள். 1833-இல் புல்லர் என்ற செல்வர் அவருக்காக ஏற்படுத்திய ரசாயனப் பேராசிரியர் பதவியும் சொற்பொழிவுக் கடமை இல்லாததாகவே அமைந்திருந்தது. வீடும் வருவாயும் பறிபோகவில்லை. இவ்வளவும் வாய்த்திராவிட்டால் பாரடேயின் மனத்திடம் எந்த அளவுக்கு உதவியிருக்கும்? ஒருவருடைய தாங்கும் சக்தியைப் பேசுகிறவர்கள், அவருக்குக் கீழே விரிக்கப்பட்டிருந்த வலையையும் சேர்த்தே பேசவேண்டும். நம்மில் ஒருவர் ஒரு பருவம் ஓய்வெடுத்துக்கொண்டு திரும்பி வந்தால் அவருடைய உதவித்தொகையும் விடுதி அறையும் அவருக்காகக் காத்திருக்குமா என்பதைப் படிப்பவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

1841 கோடையில் சாரா அவரைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் சென்றார். சாராவின் சகோதரர் ஜார்ஜ் பர்னார்டு ஓர் ஓவியர். அவரும் அவர் மனைவியும் உடன் வந்தார்கள். சில மாதங்கள் அங்கே தங்கினார்கள். பாரடே நடந்தார். ஒருநாள் கெம்மி கணவாயைக் கடந்து 45 மைல் நடந்ததாக அவருடைய குறிப்பில் இருக்கிறது. தலை ஓய்ந்து கிடந்தபோதும் கால்களில் வலு குறையவில்லை. மலையருவியின் சாரலில் தோன்றி மறையும் வானவில்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேகங்களையும் பனிச்சரிவுகளையும் பற்றி எழுதினார். விஞ்ஞானம் என்ற சுமையைத் தோளில் ஏற்றிக்கொள்ளாமல் பார்த்த பார்வை அது. இன்டர்லாகனில் ஆணி அடிக்கும் பட்டறை ஒன்றைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டார். ஐரோப்பா முழுவதும் பெயர் பரவிய விஞ்ஞானி, தம் தந்தை ஒரு கொல்லர் என்பதையும், கொல்லுப் பட்டறை தொடர்பான எல்லாவற்றின் மேலும் தமக்கு ஆசை உண்டு என்பதையும் அன்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். புகழெல்லாம் கைவிட்டுப் போய்விடுமோ என்றிருந்த வேளையில், அவர் மனம் போய் உட்கார்ந்த இடம் தந்தையின் உலைக்களம்.

சாராவைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் எழுதுவதில்லை. அந்த அம்மையார் விஞ்ஞானம் படித்தவரல்லர். கணவருடைய ஆராய்ச்சியில் பங்கு கேட்டவரும் அல்லர். வந்தவர்களில் யாரை உள்ளே விடலாம், யாரைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று தெரிந்துகொண்டு, அவருடைய ஓய்வைக் காவல் காத்தவர். குழந்தைகள் இல்லாத அந்த வீட்டில் உறவுப் பெண் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவர்களோடு விளையாடுவதும், மிருகக்காட்சிச் சாலைக்குப் போவதும் பாரடேக்குப் பிடித்தமான பொழுதுபோக்குகள். எந்நேரமும் குடுவையும் கம்பிச் சுருளுமாக இருந்தவர் என்ற படம் பொய்.

லண்டன் திரும்பிய பிறகும் நோய் சட்டென்று அகன்றுவிடவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டும் இருக்கவில்லை. 1842, 1843 ஆண்டுகளில் நீராவி பீறிடும்போது தோன்றும் மின்சாரத்தைப் பற்றிச் சிறிது ஆராய்ந்தார். 1844-இல் வாயுக்களைத் திரவமாக்கும் பழைய வேலையைத் திரும்ப எடுத்தார். புதிதாக மலையேறாமல், தெரிந்த பாதையில் நடந்து பார்ப்பது போன்ற வேலைகள் இவை. அவ்வாண்டு வசந்தத்தில் இன்னோர் அடி விழுந்தது. சபைக்குள் எழுந்த ஒரு பூசலில் அவரும் வேறு சிலரும் வெளியேற்றப்பட்டார்கள். சில வாரங்களில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள் என்றாலும், மூப்பர் பதவி போயிற்று. அது அவருக்குத் திரும்பக் கிடைக்க 1860 வரை ஆயிற்று. ஞாயிறுதோறும் கூடி உண்டு, ஒருவர் துன்பத்தில் ஒருவர் பங்குகொள்ளும் சிறு கூட்டம் அது. அதனின்றும் தள்ளப்படுவது அவருக்கு எவ்வளவு பெரிய வேதனை என்பதைச் சாதி விலக்கு, ஊர் விலக்கு ஆகியவற்றைக் கேள்விப்பட்ட நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இனிக் குறிப்பேட்டுக்கு வருவோம். 1832 முதல் அவர் தம் சோதனைக் குறிப்புகளின் ஒவ்வொரு பத்திக்கும் தொடர் எண் இட்டு வந்தார். அந்த எண் இறுதியில் 16,000-ஐத் தாண்டியது. நோய் வருமுன்பே தொடங்கிய ஏற்பாடு இது. நோய் வந்தபின் அதுவே அவருக்கு வெளியே இருக்கும் நினைவாயிற்று. இன்று பார்த்ததை எழுதி, அதன்கீழ் இதை முன்னர் எந்த எண்ணில் கண்டோம் என்பதையும் குறித்துவிட்டால், மூளை அதைச் சுமக்க வேண்டியதில்லை. எல்லாச் சமயத்திலும் இது உதவியதென்றும் சொல்ல முடியாது. பிற்காலத்தில் ஒருமுறை பல வாரங்கள் உழைத்து ஒரு முடிவுக்கு வந்து, பழைய ஏட்டைப் புரட்டினால், அதே முடிவைச் சில மாதங்களுக்கு முன்பே கண்டு எழுதியிருந்தார்! நம்மில் யாருக்கேனும் இப்படி நேர்ந்தால் அன்றே ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிடுவோம். அவர் அதைக் கடிதத்தில் எழுதிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

1845 ஆகஸ்டில் வில்லியம் தாம்சன் என்ற 21 வயது இளைஞர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பின்னாளில் கெல்வின் பிரபு என்று நாம் அறிந்தவர் அவரே. மின்சக்தி ஒளியின் மேல் ஏதேனும் விளைவை உண்டாக்குகிறதா என்பது அக்கடிதத்தின் கேள்விகளில் ஒன்று. பாரடே பலமுறை தேடித் தோற்ற விஷயம் அது. மீண்டும் எழுந்தார். செப்டம்பர் 13 அன்று ஆற்றல் மிக்க மின்காந்தத்தின் அருகே காற்றை வைத்துப் பார்த்தார், சாதாரணக் கண்ணாடியை வைத்தார், படிகக் கற்களை வைத்தார். ஒளியில் மாறுதல் இல்லை. கடைசியில் ஒரு கனத்த கண்ணாடித் துண்டை எடுத்து வைத்தார். துருவப்படுத்தப்பட்ட ஒளியின் தளம் திரும்பியது. அந்தக் கண்ணாடி, முன்னொரு காலத்தில் ஐந்தாண்டு உலையருகே நின்று அவர் வார்த்தாரே, பயனில்லை என்று மூலையில் கிடந்ததே, அதுதான். காந்தத்துக்கும் ஒளிக்கும் உறவு உண்டென்பது அன்று நிலைநாட்டப்பட்டது. நவம்பர் 4-ஆம் நாள் அதே கண்ணாடியைக் காந்தம் விலக்குவதையும் கண்டார். டயாமாக்னடிசம் என்று இன்று நாம் படிப்பது அதிலிருந்து தொடங்கியது. அவருக்கு அப்போது வயது 54.

கதையை இங்கே நிறுத்தினால் அழகாக இருக்கும். நோயை வென்றார் என்று எழுதி முடித்துவிடலாம். அது உண்மையாகாது. மறதி அவரை விட்டு நீங்கவேயில்லை. நல்ல ஆண்டுகளும் தளர்ந்த ஆண்டுகளும் மாறி மாறி வந்தன. எதை ஏற்பது, எதை மறுப்பது என்பதில் அவர் வரவர உறுதியானார். ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றார். கலங்கரை விளக்க வேலையையும் குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளையும் மட்டும் முடிந்தவரை விடவில்லை. 1854-இல் மனப்பயிற்சியைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். நாம் விரும்புவதை உண்மையென்று நம்பிவிடுவதுதான் மனிதனுக்குள்ள பெரிய குறை என்பதும், தீர்ப்பு வழங்காமல் பொறுத்திருக்கும் பழக்கத்தை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கற்பித்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதன் சாரம். ஆவிகள் மேசையை நகர்த்துகின்றன என்று லண்டன் நகரமே பேசிக்கொண்டிருந்த காலத்தில் சொன்ன வார்த்தை. மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போரின் கைகளே தம்மையறியாமல் அதைத் தள்ளுகின்றன என்பதை அதற்கு முந்திய ஆண்டில் அவர் கருவி அமைத்துக் காட்டியிருந்தார்.

1858-இல் விக்டோரியா மகாராணி ஹாம்ப்டன் கோர்ட்டில் அவருக்கு ஒரு வீட்டை அளித்தார். 1860-61 குளிர்காலத்தில் மெழுகுவர்த்தியைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஆற்றியவையே கடைசிக் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள். 1862 மார்ச்சு 12 அன்று கடைசிச் சோதனை. சுடரின் நிறமாலைக் கோடுகளைக் காந்தம் மாற்றுகிறதா என்று பார்த்தார். மாறுதல் ஏதும் தெரியவில்லை என்று எழுதி வைத்தார். அவர் தேடிய விளைவை 1896-இல் வலிமை மிகுந்த கருவிகளோடு ஹாலந்து நாட்டு ஸீமன் கண்டார். அதே 1862-இல் தம் நெடுநாள் நண்பர் ஷேன்பைனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, எழுதியது பொருளற்றுப் போனதால் திரும்பத் திரும்பக் கிழித்துப் போட்டதாகவும் தெரிவித்தார். கிழித்ததைச் சொல்லும் அந்தக் கடிதத்தை மட்டும் கிழிக்காமல் அஞ்சலில் சேர்த்தார்.

1867 ஆகஸ்டு 25 அன்று ஹாம்ப்டன் கோர்ட்டு வீட்டில், தம் நாற்காலியில் அமர்ந்தபடியே பாரடே இறந்தார். அவர் விருப்பப்படி ஆடம்பரமின்றி ஹைகேட் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். எண்ணிட்ட அந்தக் குறிப்பேடுகளை ராயல் இன்ஸ்டிடியூஷன் 1932 முதல் 1936 வரை ஏழு தொகுதிகளாக அச்சிட்டது. 1845 செப்டம்பர் 13-ஆம் நாளின் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பவர்கள், ஒளி திரும்பியதற்கு முன்னால், திரும்பவில்லை, திரும்பவில்லை என்று வரிசையாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.